துணி மூடாத காரத்தேன்

1

போன வருடம் மார்ச்சில்தான் அப்பா இங்கே வந்தார். ஆக்லாந்து விமான நிலையத்தில் அவரிடமிருந்து பிடுங்கப்பட்ட ஒரே பொருள் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில். பிடுங்கப்பட்டது என்று எழுதினால் செய்தி தவறாகிவிடும். அவரே எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார்.

நியூசிலாந்துக்குள் வெளிநாட்டுத் தேன் வரக் கூடாது. இந்த நாட்டுத் தேனீக்களுக்கு வெளியூர் நோய் எதுவும் தொற்றிவிடக் கூடாது என்பதில் இவர்கள் மிகவும் கண்டிப்பு. அப்பாவிடம் தொலைபேசியில் இதைப் பல முறை சொல்லியிருந்தேன். அவரும் சரி சரி என்றுதான் சொன்னார்.

வெளியே காத்திருந்த என்னை உள்ளேயிருந்து ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் அப்பாவிடம் ஒரு பாட்டில் இருக்கிறது. அது என்ன என்று சொல்ல முடியுமா?" புதுச்சேரியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் தலைப்பு போட்டவன் நான். எங்கள் வீட்டுப் பண்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் கிடைக்கவில்லை. ஊறுகாய் என்றேன். இல்லை, ஜாம் மாதிரி என்றேன். கடைசியில் தேன், மிளகாய், சுக்கு, உப்பு என்று வரிசையாகச் சொன்னேன். "தேன்" என்ற முதல் சொல்லிலேயே அவர் முடிவுக்கு வந்திருந்தார். குரலில் வருத்தம் தெரிந்தது. அபராதம் இல்லை, அப்பாவே காட்டிவிட்டார் என்றார்.

அப்பா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"வாங்கி வச்சிகினாங்கடா. நல்ல பொண்ணுதான். மூடியத் தொறந்து மோந்து பாத்துச்சு. கண்ல தண்ணி வந்துடுச்சு அதுக்கு."

"தேன் கொண்டாரக் கூடாதுன்னு சொன்னேன்லப்பா?"

"தேன்தான் கொண்டாரக் கூடாதுன்ன. இது காரத்தேன்."

என் மகள் இனியா, பதின்மூன்று வயது, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தாத்தா, அது ஹாட் ஹனிதானே? இங்க கஃபேல பீட்ஸா மேல ஊத்துவாங்க" என்றாள். அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பீட்ஸாவில் ஊற்றுகிறவர்கள் அவருடைய பாட்டிலை ஏன் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது.

2

காரத்தேன் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. நெய்வேலி நகரியத்தில், எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே இருந்த முள்வேலிக்கு மட்டும் சொந்தம்.

நெய்வேலியில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருப்பார்கள். நான் படித்த வகுப்பில் ஒரே சொல்லைப் பத்துப் பேர் பத்து விதமாக இழுத்துச் சொல்வார்கள். அப்பா குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்துக் கிராமம். மைன்ஸில் காண்ட்ராக்டில் சேர்ந்து பிறகு பர்மனென்ட் ஆனவர். அம்மா பண்ருட்டி, பலாப்பழ மண்டி வைத்திருந்தவரின் மகள். வேலிக்கு அந்தப் பக்கம் சேவியர் மாமா, மார்த்தாண்டத்துக்காரர். அவர் கொல்லையில் தேன் பெட்டிகள் வைத்திருந்தார். சுற்று வட்டாரம் முழுக்க முந்திரித் தோப்பு. பூத்து முடிந்ததும் வேலிக்கு மேலாக ஒரு பாட்டில் வரும். அதற்குள் நாலைந்து காந்தாரி மிளகாய் மிதக்கும். அவர்கள் ஊர் வழக்கம் என்றார்.

அம்மாவுக்குத் தேன் என்றால் பலாச்சுளைக்கு ஊற்றுவது. மிளகாய் போட்ட தேனைச் சுளையில் தொட்டுத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, பச்ச வாசன அடிக்குதே" என்றாள். அடுத்த முறை மிளகாயைக் காயவைத்து ஒன்றிரண்டாக இடித்துப் போட்டாள். சுக்கைத் தட்டிப் போட்டாள். ஒரு சிட்டிகை உப்பு. பாட்டிலை வெயிலில் வைத்து வைத்து எடுத்தாள். அதில் பாதி வேலி தாண்டி மாமா வீட்டுக்குப் போனது. அவர் தின்று பார்த்து, "மக்கா, இனி நீங்களே போடுங்க. நான் தேன் மட்டும் தாறேன்" என்று பொறுப்பைக் கைகழுவினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடைக்கும் அதுதான், வேகவைத்த மரவள்ளிக்கிழங்குக்கும் அதுதான். வறுத்த முந்திரியை அதில் புரட்டி வைத்தால் விருந்தாளி வருவதற்குள் தீர்ந்துவிடும்.

மிளகாய் காயவைப்பதில் ஒரு விஷயம் உண்டு. நெய்வேலியில் எதைக் காயவைத்தாலும் மேலே ஒரு வெள்ளை வேட்டி போடுவோம். வடகம், வற்றல், மிளகாய், எதுவானாலும். நிலக்கரித் தூசு விழும். அது யாருக்கும் செய்தியே இல்லை. மழைக்குக் குடை மாதிரி, வெயிலுக்கு வேட்டி. வெள்ளை வேட்டிதான் வேண்டும், அப்போதுதான் விழுந்தது தெரியும். சாயங்காலம் அம்மா வேட்டியை எடுத்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்ப்பாள். "இன்னிக்குக் காத்து தெர்மல் பக்கத்துலேருந்து" என்று அனல்மின் நிலையத்தைச் சொல்வாள். காற்று பலமான நாட்களில் வேட்டியை இரண்டாக மடித்துப் போடுவாள். கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலுக்கு இரண்டு மடிப்பு ஒரு பொருட்டே இல்லை. கீழே இருக்கும் மிளகாய் மத்தியானத்துக்குள் சலசலக்கும்.

அம்மா போன பிறகும் அப்பா அதே முறையில் போட்டுவந்தார். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் சாலையில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். சேவியர் மாமாவும் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். ஆனால் தேன் மட்டும் யார் கையிலாவது வந்துகொண்டிருந்தது. அப்படி வந்த ஒன்றில் போட்டதுதான் ஆக்லாந்து வரை வந்து நின்றது.

3

நாங்கள் இருப்பது ஹாமில்டன். ஆக்லாந்திலிருந்து தெற்கே, ஆற்றங்கரை ஊர். நான் ஒரு பால் ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் மனைவி செல்வி மருத்துவமனையில் செவிலியர். அப்பா நாலு மாதம் இருப்பதாக ஏற்பாடு. விசா விண்ணப்பத்தில் "இவர் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?" என்ற பொருளில் ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பக்கம் பக்கமாக ஆவணம் இணைத்திருந்தேன். அப்பா வந்த மூன்றாவது வாரம் அந்தக் கேள்விக்கு நேரில் பதில் கிடைத்தது.

"டிக்கெட்ட கொஞ்சம் முன்ன மாத்திக்கலாமாடா?"

"ஏம்ப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. சும்மா உக்காந்துகினு இருக்கேன். அத வூட்லயே உக்காந்துகினு இருக்கலாமே."

அவர் சொன்னது உண்மை. விடிவதற்கு முன்பே எழுந்து, குளித்து, சட்டை போட்டு, சோபாவில் உட்கார்ந்துவிடுவார். முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய பழக்கம். பேருந்து மட்டும் வராது. நான் வேலைக்கு, இனியா பள்ளிக்கு. தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கையை ஆட்டுவார், அப்பாவும் ஆட்டுவார். அதோடு முடிந்தது.

வீட்டில் அவருக்குச் சரளமாகப் பேச்சு ஓடியது செல்வியிடம் மட்டும்தான். செல்வியும் ஷிஃப்ட்காரி. "இன்னிக்கு எதும்மா, நைட்டா?" என்று ஆரம்பிப்பார். "நைட்தான் மாமா. நாளைக்கு ஆஃப்." "ரிலீவர் ஒழுங்கா வராங்களா?" "வருவாங்க மாமா, ஆனா ஹேண்ட்ஓவர் அரை மணி நேரம் இழுக்கும்." அப்பா தலையை ஆட்டுவார். அவருக்கு அது புரிந்த உலகம்.

மைன்ஸில் அப்பா கன்வேயர் பெல்ட் ஓட்டும் கேபினில் இருந்தார். இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டிய உயரம். ஷிஃப்ட் முடிந்தாலும் அடுத்த ஆள், அதாவது ரிலீவர், மேலே வராமல் இறங்கக் கூடாது. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபின் காலியாக இருக்க முடியாது. வந்தவரிடம் எது சரியாக இருக்கிறது, எது சரியில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். அவர் கேட்டுக்கொண்டு, "சரி, நீங்க இறங்கலாம்" என்று சொன்ன பிறகுதான் ஏணியில் கால் வைக்கலாம். ரிலீவர் வராமல் அப்பா இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் அம்மா, "இன்னிக்கு எறக்கி வுட ஆளு வரல போல" என்று சோற்றை மூடி வைப்பாள்.

இனியாவிடம் அப்பாவுக்குப் பேச்சு இரண்டு வாக்கியம் தாண்டவில்லை. அவளுக்குத் தமிழ் புரியும். பேசும்போது பாதியில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். அப்பா கேட்டதையே கேட்பார்: "சாப்ட்டியாம்மா?" அவள், "யெஸ் தாத்தா." பிறகு இருவரும் அவரவர் திசையில்.

அவர் நாலு மாதமும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் என் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நான்தான் அவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் வந்துகொண்டிருந்தேன். டிக்கெட் விற்ற முகவருக்கு மின்னஞ்சல் எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதினேன். மெதுவாக எழுதினேன்.

4

ஆரம்பித்தது இனியாதான். ஒரு சனிக்கிழமை, பீட்ஸா தின்றுகொண்டே, "தாத்தா, அந்த ஏர்போர்ட் ஹனி, நம்ம வீட்ல பண்ண முடியாதா?" என்றாள்.

"தேன் இருந்தா பண்ணலாம்."

இது தேன் நாடு. கடையில் ஓர் அலமாரி முழுக்கத் தேன். க்ளோவர் பூத் தேன் ஒன்று வாங்கி வந்தேன். அப்பா மூடியைத் திறந்து பார்த்தார். வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. கரண்டியை நட்டால் நின்றது.

"என்னாடா இது, டால்டா மாதிரி இருக்குது? இதக் காப்பாத்தவா என் பாட்டில அங்க புடுங்கிகினாங்க?"

இங்கே தேனை இப்படிக் கடைந்து விற்பது வழக்கம் என்று விளக்கினேன். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தினோம். தேன் இளகி, நிறம் மாறி, கடைசியில் தேனாக ஆனது. அப்பா விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "இனிப்பு மட்டும்தான் இருக்குது. பரவால்ல, மத்தத நாம போட்டுக்கலாம்" என்றார். வந்த நாளிலிருந்து அவர் "நாம" என்று சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

மிளகாய், ஆசியக் கடையிலிருந்து. காந்தாரி இல்லை, தாய்லாந்துக்காரர்கள் சமைக்கும் சிறு மிளகாய். அப்பா அதைக் கழுவித் துடைத்துத் தட்டில் பரப்பி, வீட்டின் பின்பக்கத்து மரத்தளத்தில் வைத்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு பழைய வேட்டியை எடுத்து வந்தார். இரண்டாக மடித்து மேலே போட்டு, நாலு மூலைக்கும் கல் வைத்தார்.

இனியா கேட்டாள். "தாத்தா, இது ஏன்? பேர்ட்ஸ் வரும்னா?"

"தூசு விழும்மா."

"எந்தத் தூசு?"

அப்பா சுற்றும் பார்த்தார். இங்கே அந்தத் தூசு இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நானும் அதே ஊரில் வளர்ந்தவன். காயவைத்த தட்டின் மேல் வேட்டி இருப்பது என் கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது. இல்லாவிட்டால்தான் உறுத்தியிருக்கும்.

ஹாமில்டனில் காலையில் மூடுபனி. அது விலக நேரமாகும். பிறகு வெயில் வரும். நல்ல வெயில்தான், ஆனால் மேகம் நாலு தடவை குறுக்கே வரும். சாயங்காலம் அப்பா வேட்டியை எடுத்து, உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளங்கையால் தடவுவார். கையைப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. இதை ஒவ்வொரு நாளும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையைப் பார்த்துவிட்டு அவர் வானத்தையும் ஒரு முறை பார்ப்பார். ஆனாலும் மறுநாள் வேட்டி இரண்டு மடிப்பாகவே விழுந்தது.

இனியா ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் வேட்டியை எடுத்துவிட்டாள். அப்பா பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அப்பா, அது சன்பாத்துக்கு ஓவர்கோட் போட்ட மாதிரி." சிரித்தேன். மொழிபெயர்த்து அப்பாவிடம் சொல்லவில்லை.

மிளகாய் மேலே சுருங்கி, சிவந்து, காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. அப்பா இடித்தார். சுக்கு, உப்பு, தேன். இரண்டு பாட்டில். சமையலறை ஜன்னலில், வெயில் படும் இடத்தில் வைத்தார். அந்த வாரம் டிக்கெட் பற்றி அவர் பேசவில்லை.

5

முகவரின் பதில் வந்த அன்று காலை பாட்டில்கள் பொங்கியிருந்தன.

மூடி உப்பியிருந்தது. திறந்ததும் புஸ்ஸென்று நுரை எழும்பி வழிந்தது. புளித்த வாடை. செல்வி நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். "மாமா, இத யாரும் வாய்ல வச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு பாட்டிலையும் தொட்டியில் வைத்தாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பயும் போடறாப்போலதான் போட்டேன்" என்றார். பிறகு, "எனக்கு இங்க ஒண்ணும் ஒத்துவரல. நீ அந்த டிக்கெட்ட பாருடா" என்றார்.

பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இடம் இருப்பதாக முகவர் எழுதியிருந்தார். அதை அப்பாவிடம் சொல்லாமல் வேலைக்குப் போனேன். அலுவலகத்தில் அந்த மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடினேன்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது பின்பக்கத்தில் சத்தம். பேச்சு கொஞ்சம் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம், மீதி கையசைவு.

"தாத்தா, ப்ராப்ளம் துணிதான். மிளகா உள்ள காயல. தண்ணி இருக்கு. தேன்ல தண்ணி போனா புளிக்கும். நான் படிச்சேன்."

"எத்தினி வருசமா துணி போட்டுகினு இருக்கேன், எனக்குச் சொல்றியா நீ?"

"அங்க வெயில் ஜாஸ்தி தாத்தா. இங்க துணி போட்டா வெயிலே போகாது."

"தூசு?"

"தாத்தா, டெய்லி நீங்க துணியத் தடவிப் பாக்கறீங்க. ஒரு நாளாவது ப்ளாக் வந்துச்சா?"

அவள் கவனித்திருக்கிறாள் என்பது அப்பாவுக்குப் புதிது. எனக்கும்தான்.

"சரி, ரெண்டு தட்டு வை" என்றார் கடைசியில். "ஒண்ணு என்னது, ஒண்ணு உன்னது."

மீதியிருந்த மிளகாயை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு தட்டுக்கு வேட்டி, ஒரு தட்டு திறந்தபடி. இருட்டுவதற்குள் இரண்டையும் உள்ளே எடுத்து வைப்பது அப்பாவின் பொறுப்பு. அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் அவர் தன் தட்டுக்கு மட்டும் கூடுதல் வெயில் காட்டவில்லை என்று நான் சாட்சி சொல்ல முடியாது. அவள் அப்படித்தான் குற்றம் சாட்டினாள். "தாத்தா, என் ப்ளேட் நிழல்ல இருக்கு! சீட்டிங்!" "சூரியன் நவுந்துச்சும்மா, நான் நவுத்தல."

அந்த வாரக் கடைசியில் இருவரும் தளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். அப்பா தன் தட்டிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து வளைத்தார். வளைந்தது. இனியா தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவர் காதருகே கொண்டுபோய் ஒடித்தாள். படக்கென்று சத்தம் கேட்டது.

அப்பா அவள் தட்டிலிருந்து தானே இன்னொன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை எடுத்தார். இந்த முறை தடவிப் பார்க்கவில்லை. நாலாக மடித்தார், உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தார்.

இனியா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். பெட்டிக்குள் வேட்டி போகிறது என்றால் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாரோ என்ற பயம் எனக்கு.

6

அடுத்த வாரம் நாலு பாட்டில் போட்டார்கள். இடித்தது அப்பா, உப்பு அளந்தது இனியா. அவள் கேட்டுக்கொண்டபடி ஒன்றில் மட்டும் பூண்டு போடலாமா என்ற வாக்குவாதம் அரை மணி நேரம் நடந்தது. பூண்டு தோற்றது. பாட்டில்கள் ஜன்னலில் வரிசையாக நின்றன. காலையில் இனியா பள்ளிக்குப் போகும் முன் ஒரு தடவையும், மத்தியானம் அப்பா ஒரு தடவையும் அவற்றைக் குலுக்கித் திருப்பி வைத்தார்கள்.

முகவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அவர் நினைவூட்டியிருந்தார். ஒரு நாள் காபி குடிக்கும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"வர வெள்ளிக்கிழமைக்கு சீட் இருக்காம்ப்பா. இன்னிக்கே சொல்லணும்."

"எதுக்கு?"

"நீங்கதானே முன்னாடி போகணும்னீங்க?"

அப்பா ஜன்னலைக் காட்டினார். "பாட்டில் ஓடிகினு இருக்குது. வுட்டுட்டு எப்படிடா எறங்கறது? ரிலீவர் யாரு, நீயா?"

"நான் பாத்துக்க மாட்டேனாப்பா?"

"நீ பேப்பர்காரன். பொங்கினப்புறம் வந்து எழுதுவ."

செல்வி சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. முகவருக்கு அன்றே ஒரு வரியில் எழுதினேன்: பழைய தேதியே இருக்கட்டும்.

அதன்பிறகு நடந்தவை செய்தி மதிப்பு இல்லாதவை. குளிர் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு சின்னப் பாட்டில் போனது. அவர் ஆட்டுக்கறி வறுவலில் ஊற்றித் தின்றதாகச் சொல்லி, பதிலுக்கு ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். அப்பாவும் அவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல், எதையோ வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தோசைக்குக் காரத்தேன், டோஸ்ட்டுக்குக் காரத்தேன். பீட்ஸாவை அப்பா ஒரு முறை தின்று பார்த்தார். "இதுக்கு நம்முது ஊத்தினாத்தான் திங்க முடியுது" என்று முடித்துக்கொண்டார். இனியாவின் தமிழ் பெரிதாக ஒன்றும் திருந்தவில்லை. ஆனால் சண்டை போடும்போது ஆங்கிலத்துக்கு மாறினால் தாத்தாவுக்கு உறைக்காது என்று கண்டுபிடித்திருந்தாள். அதனால் சண்டை மட்டும் முழுத் தமிழில் நடந்தது.

ஜூலையில், குறித்த தேதியில், அப்பா கிளம்பினார். பெட்டி கட்டும்போது அந்த வேட்டியை எடுத்து, "இங்கயே வச்சுட்டுப் போங்கப்பா" என்றேன்.

"இங்க எதுக்கு? அங்கதான் வேணும்" என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

புறப்படும் காலை. மூடுபனி. காரில் பெட்டியை ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன். அப்பா ஜன்னலருகே நின்றிருந்தார். இனியா பள்ளிச் சீருடையில் எதிரே.

"மூணு பாட்டில் நல்லாருக்குது. இதுல மூடி கொஞ்சம் லூசு, அப்பப்ப பாத்துக்கணும். அது பாதி தீந்துடுச்சு. வெய்யில் வந்தா திருப்பி வை. நுரை கட்டுச்சுன்னா யாரையும் கேக்காத, கொட்டிடு. மத்தபடி எல்லாம் நார்மல்."

இனியா ஒவ்வொரு பாட்டிலையும் தொட்டுப் பார்த்தாள். லூசான மூடியை ஒரு தடவை இறுக்கினாள். இந்த வழக்கத்தை நான் அவளுக்குச் சொன்னதில்லை. இரவு உணவின்போது செல்வியும் அப்பாவும் பேசுவதைக் கேட்டு அறிந்திருக்க வேண்டும்.

"சரி தாத்தா" என்றாள். "நீங்க இறங்கலாம்."

அப்பா தலையை ஆட்டிவிட்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.